பாடநெறியை மாற்றும் முன் விசாவைப் பாருங்கள்: வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கும் ஊரில் இருக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை இரவு பத்து மணிக்குப் பிறகு அழைத்தால், மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் முதலில் பயம்தான் எழும். "அம்மா, இந்தப் பாடம் எனக்கு ஒத்துவரவில்லை, வேறு ஒன்றுக்கு மாறப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னதும் தாய்க்கு மூச்சு வருகிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, பாடம்தானே. "உனக்கு எது சரியோ அதைச் செய் மகன்" என்று சொல்லிவிடுகிறாள். என் அக்காவும் அப்படித்தான் சொன்னாள். ஓராண்டு முடிவதற்குள் அவள் மகன் விசா இழந்து ஊர் திரும்பினான். ஆரையம்பதியில் இருந்த காணி இன்னும் ஈட்டில் இருக்கிறது.

நான் கல்லடியில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். அக்கா மகனின் கதை நடந்த பிறகு, அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளுக்கு வந்த கடிதங்களை என் விறாந்தைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும்கூட வருகிறார்கள். அந்தக் கடிதங்களுக்காக நான் வாசித்துத் தெரிந்துகொண்ட விதிகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் விரிவாகவும் கனடாவைச் சுருக்கமாகவும் சொல்கிறேன். கட்டணங்களும் தொகைகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் குடிவரவு இணையத்தளத்தில் அவற்றை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். "மாணவன்" என்பதற்காக ஒருவருக்கு மாணவர் விசா கிடைப்பதில்லை. இந்த நிறுவனத்தில், இந்த மட்டத்தில், இந்தப் பாடநெறியை, இந்தத் திகதிக்குள் படித்து முடிப்பேன் என்று அவர் கொடுத்த வாக்குக்காகத்தான் கிடைக்கிறது. பாடநெறியை மாற்றினால் அந்த வாக்கில் ஏதோ ஒன்று மாறுகிறது. எது மாறுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு மின்னஞ்சலோடு காரியம் முடியலாம், அல்லது விமானம் ஏறி ஊருக்கு வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டியும் வரலாம்.

முதற்படி: காகிதங்களை மேசையில் வையுங்கள்

பிள்ளை அங்கேயும் நீங்கள் இங்கேயும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பிரித்தானியாவில் படிப்பவருக்கு அது பல்கலைக்கழகம் வழங்கிய சிஏஎஸ் என்ற ஏற்பு உறுதி. அதோடு அவருடைய இணைய விசாக் கணக்கில் தெரியும் முடிவுத் திகதியையும் பார்க்க வேண்டும். முன்பு கையில் வைத்திருந்த விசா அட்டைகள் 2024 முடிவோடு செல்லாமற் போய்விட்டன. இப்போது எல்லாம் இணையக் கணக்கில்தான். அவுஸ்திரேலியாவில் சிஓஇ என்ற சேர்க்கை உறுதியும் விசா வழங்கப்பட்டபோது வந்த கடிதமும் வேண்டும். அங்கே வீவோ என்ற அரச இணையச் சேவையில் விசா வைத்திருப்பவர் தன் விசாவின் நிபந்தனைகளை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கனடாவில் கற்கை அனுமதிப்பத்திரத்தையும் கல்வி நிறுவனத்தின் ஏற்புக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள்.

ஒரு பேனாவை எடுத்து நான்கு இடங்களில் கோடிடுங்கள்: நிறுவனத்தின் பெயர், படிப்பின் மட்டம், பாடநெறி முடியும் திகதி, விசா முடியும் திகதி. பாடநெறி முடியும் திகதியும் விசா முடியும் திகதியும் ஒன்றல்ல. பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குப் போனவருக்குப் படிப்பு முடிந்த பின்னும் வழக்கமாக நான்கு மாதங்கள் மேலதிகமாக இருக்கும். இரண்டு திகதிகளையும் குழப்பிக்கொண்டு "இன்னும் காலம் இருக்கிறது" என்று நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: மாற்றம் எந்த வகை என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"பாடம் மாறுகிறேன்" என்று சொன்னால் போதாது. அதே பல்கலைக்கழகத்தில் அதே மட்டத்தில் வேறு பாடமா? பல்கலைக்கழகமே மாறுகிறதா? இளமாணியிலிருந்து டிப்ளோமாவுக்கு இறங்குகிறீர்களா? புதிய படிப்பு பழையதை விட நீளமானதா? வேலைப்பயிற்சி ஆண்டு ஒன்று புதிதாகச் சேர்கிறதா? பழைய பாடநெறியின் முழுப் பெயரையும் அதன் கீழே புதிய பாடநெறியின் முழுப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மட்டத்தையும் முடிவுத் திகதியையும் குறியுங்கள். அக்கா மகன் இதைச் செய்திருந்தால், மேல் வரியில் "இளமாணி" என்றும் கீழ் வரியில் "டிப்ளோமா" என்றும் இருப்பதைப் பார்த்து அவனே திடுக்கிட்டிருப்பான்.

இனி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாட்டுக்குரிய பகுதியை வாசியுங்கள்.

பிரித்தானியாவில் படிப்பவர்களுக்கு

பிரித்தானிய மாணவர் விசாவில் உங்களுக்குப் பொறுப்பு நிற்பது பல்கலைக்கழகம். உங்கள் பெயரில் அரசுக்குக் கணக்குச் சொல்வதும் அதுவே. ஆகவே அங்கே முதல் கேள்வி, பொறுப்பு நிற்கும் நிறுவனம் மாறுகிறதா இல்லையா என்பதுதான்.

அதே பல்கலைக்கழகத்துக்குள் மாறுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் புதிய விசா தேவைப்படாது. ஆனால் சில நிபந்தனைகள் சேர்ந்தே பொருந்த வேண்டும். விதிகளை ஒழுங்காகப் பின்பற்றிய பதிவுள்ள உயர்கல்வி நிறுவனமாக அது இருக்க வேண்டும். புதிய பாடநெறி பட்ட மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இப்போது படிப்பதை விட மட்டம் குறையக் கூடாது. இப்போதிருக்கும் விசா முடிவதற்குள் புதிய படிப்பை முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றில் அதிகம் பேர் தடுக்கி விழுவது கடைசி நிபந்தனையில். மூன்றாண்டு இளமாணியின் இரண்டாம் ஆண்டில் இருப்பவர் வேறு பாடத்தின் முதலாம் ஆண்டுக்கு மாறினால் காலம் போதாது. அப்போது நாட்டை விட்டு வெளியே வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலைப்பயிற்சி ஆண்டைச் சேர்ப்பதால் மட்டும் படிப்பு நீண்டால், உள்ளிருந்தே விண்ணப்பிக்க விதிவிலக்கு உண்டு.

பல்கலைக்கழகமே மாறினால் புதிய சிஏஎஸ்ஸும் புதிய விசா விண்ணப்பமும் வேண்டும். இங்கே "கல்வி முன்னேற்றம்" என்ற விதி குறுக்கே நிற்கிறது. பிரித்தானியாவுக்குள் இருந்தபடி அடுத்த மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர், கடைசி விசா எந்தப் படிப்புக்குக் கிடைத்ததோ அதை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். விதிவிலக்குகள் சிலவே. ஆகவே பாதியில் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர் பெரும்பாலும் மட்டக்களப்புக்குத் திரும்பி, இங்கிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். "இங்கேயே இருந்து மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எந்த விதிவிலக்கின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

அறிவியல், பொறியியல் சார்ந்த சில பாடங்களுக்கு ஏடிஏஎஸ் என்ற தனி அனுமதிச் சான்றிதழும் தேவை. இலங்கையர்களுக்கும் அது பொருந்தும். கல்முனையிலிருந்து போன ஒரு மாணவி, முகாமைத்துவ முதுமாணியிலிருந்து அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் முதுமாணிக்கு மாற விரும்பினாள். விசா மாறத் தேவையில்லை, மட்டமும் அதுவே, காலமும் போதும். ஆனால் பொறியியல் பாடநெறிக்கு ஏடிஏஎஸ் வேண்டியிருந்தது. அது கைக்கு வர 30 வேலைநாட்களுக்கு மேலும் ஆகலாம். பாடநெறி மாற்றத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த காலமோ தவணை தொடங்கி இரண்டு வாரம்தான். புறப்படும் முன்பே கேட்டிருந்தால் அவள் விரும்பிய பாடத்தில் இருந்திருப்பாள். இப்படியான ஐயம் பிள்ளைக்கு ஊரில் இருக்கும்போதே இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் தீர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட மலிவான நேரம் பிறகு வராது.

படிப்பை நிறுத்தினால் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர் விலகியதைப் பல்கலைக்கழகம் 10 வேலைநாட்களுக்குள் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அதன் பிறகு விசாவை அமைச்சு சுருக்கும், வழக்கமாக 60 நாட்களே மிஞ்சும். அந்த அறிவிப்பு மின்னஞ்சலில் வருகிறது. அது குப்பை மின்னஞ்சல்களுக்குள் கிடந்து, 60 நாட்களில் 40 நாட்கள் கழிந்த பிறகு கண்ணில் பட்ட ஒரு சம்பவம் எங்கள் ஒழுங்கையிலேயே நடந்தது. மாறுகிற காலத்தில் அந்தப் பெட்டியையும் தினமும் திறந்து பாருங்கள்.

படிப்பைப் பாதியில் விட்டு வேலை விசாவுக்கு மாறிவிடலாம் என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. 2023 ஜூலை 17 முதல் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. பாடநெறியை முடித்தவர்களும், குறிப்பிட்ட நிலையில் இருக்கும் வேறு சிலருமே மாற முடியும். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பட்டதாரி விசாவும் பாடநெறி ஒழுங்காக முடிவதைப் பொறுத்தது. இளமாணி, முதுமாணி முடித்தவர்களுக்கு அதன் காலம் இப்போது இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது.

வேலை நேரத்தையும் மறக்க வேண்டாம். பட்ட மட்டத்தில் படிப்பவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழான பாடநெறிக்கு அது 10 மணி நேரம். மட்டம் இறங்கினால் வருமானமும் பாதியாகிறது.

அவுஸ்திரேலியாவில் படிப்பவர்களுக்கு

இங்கே மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு: ஆறு மாதமும், ஏணியும்.

ஆறு மாதம் என்பது பிரதான பாடநெறியின் முதல் ஆறு மாதம். அது முடிவதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால், இப்போதைய நிறுவனம் விடுவிக்க வேண்டும். விடுவிப்பு இல்லாமல் புதிய நிறுவனம் உங்களைச் சேர்க்க முடியாது. கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில வகுப்பு, அதன் பின் டிப்ளோமா, அதன் பின் இளமாணி என்று ஒரே கட்டாக விசா வாங்கிப் போனவருக்குப் பிரதான பாடநெறி என்பது கட்டில் உயர்ந்தது, அதாவது இளமாணி. ஆங்கில வகுப்பில் ஐந்து மாதம் இருந்தேன் என்பது கணக்கில் சேராது. இளமாணி தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

விடுவிப்புக்கு நிறுவனம் கட்டணம் அறவிடக் கூடாது. எந்தச் சூழலில் விடுவிப்பார்கள் என்பதை எழுத்தில் கொள்கையாக வைத்திருக்கவும் வேண்டும். சேரும்போது சொன்னபடி பாடநெறி நடக்கவில்லை, மாணவரின் நியாயமான எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதற்குச் சான்று இருந்தால் விடுவிக்கக் காரணம் உண்டு. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். 20 வேலைநாட்களுக்குள் நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால், உயர்கல்வி மாணவர்களுக்கு 2025 பெப்ரவரி முதல் தேசிய மாணவர் ஒம்புட்ஸ்மன் என்ற குறைகேள் அதிகாரி இருக்கிறார். அவரிடம் முறையிடக் காசு வேண்டாம்.

முன்பு சிலர் ஒரே நேரத்தில் இரண்டாவது சிஓஇ ஒன்றை எடுத்து, பல்கலைக்கழகத்தை மெல்லக் கைவிட்டு மலிவான கல்லூரியில் இருந்துவிடுவார்கள். 2023 ஓகஸ்டில் அரசு அந்த ஓட்டையை அடைத்தது. பழைய மாணவர்கள் இன்னும் அதையே யோசனையாகச் சொல்கிறார்கள். அவர்கள் போன காலம் வேறு.

இனி ஏணி. அவுஸ்திரேலியாவின் தகைமைகள் பத்துப் படிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. டிப்ளோமா ஐந்தாம் படி, உயர் டிப்ளோமா ஆறாம் படி, இளமாணி ஏழாம் படி, முதுமாணி ஒன்பதாம் படி, கலாநிதி பத்தாம் படி. மாணவர் விசாவில் 8202 என்ற இலக்கத்தோடு ஒரு நிபந்தனை இருக்கும். விசா எந்தப் படிக்குக் கிடைத்ததோ அந்தப் படியிலோ அதற்கு மேலோ பதிவுபெற்ற பாடநெறியில் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கலாநிதியிலிருந்து முதுமாணிக்கு இறங்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஏழாம் படியில் இருப்பவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஏழாம் படிக்கு மாறினால், விசாக் காலம் போதுமானதாக இருக்கும்வரை புதிய சிஓஇ போதும். ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்குவதென்றால், இறங்கும் முன் புதிய விசா வேண்டும்.

அக்கா மகன் விழுந்தது இந்த இடத்தில்தான். கணக்கியல் இளமாணிக்குப் போனவன். ஏழாவது மாதம், இரண்டாவது தவணைக் கட்டணம் கட்டும் நேரத்தில், அங்கே பழக்கமான ஒருவர் அவனை ஒரு முகவரிடம் அழைத்துப் போனார். சமையற்கலை டிப்ளோமா, பாதிக் கட்டணம், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. "ஆறு மாதம் முடிந்துவிட்டது, இனி யாருடைய அனுமதியும் தேவையில்லை" என்று முகவர் சொன்னார். அந்தச் சொல்லில் பொய் இல்லை, ஆறு மாத விதியைப் பொறுத்தவரை. ஏணியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பல்கலைக்கழகம் பழைய சிஓஇயை ரத்துச் செய்தது. சில மாதங்களின் பின், விசாவை ரத்துச் செய்வது பற்றி ஆலோசிக்கிறோம் என்ற அறிவித்தல் வந்தது. அவன் அதை எனக்கு அனுப்பியபோது பதில் சொல்ல இரண்டு நாட்கள் மிஞ்சியிருந்தன. கைபேசித் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் 8202 என்று இருந்தது. அக்கா பக்கத்தில் நின்று, "காசு கட்டினால் சரிவருமா?" என்று கேட்டாள். சரிவராது என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.

டிப்ளோமாவோ சமையற்கலையோ தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அதைப் படிக்க விரும்பினால் முறைப்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது புதிய விசா விண்ணப்பம். 2025 ஜூலை 1 முதல் அதன் கட்டணம் 2,000 அவுஸ்திரேலிய டொலர். மறுத்தால் அந்தக் காசு திரும்ப வராது. 2025 ஜனவரி 1 முதல், நாட்டுக்குள் இருந்து விண்ணப்பிப்பவர் சேர்க்கை வாக்குறுதிக் கடிதத்தைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது, சிஓஇயே வேண்டும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலரைக் காட்ட வேண்டும் என்பது 2024 மே 10 முதல் உள்ள தொகை. பாடக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல்.

கனடாவில் படிப்பவர்களுக்கு

முன்பு நிறுவனம் மாறினால் இணையக் கணக்கில் அறிவித்தால் போதும். 2024 நவம்பர் 8 முதல் அப்படி இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாறுகிறவர் புதிய கற்கை அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உறவினர் ஒருவர் 2022 இல் ஒரு சொடுக்கில் மாறினார் என்றால் அது உண்மையாகவே இருக்கும். உங்களுக்கு அது பொருந்தாது. அதே நிறுவனத்துக்குள் பாடம் மட்டும் மாறுவதென்றால் பொதுவாகப் புதிய அனுமதி தேவையில்லை. ஆனால் உங்கள் அனுமதிப்பத்திரத்தில் தனி நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கனடாவில் நான் அதிகம் கவலைப்படுவது படிப்புக்குப் பின்னான வேலை அனுமதியைப் பற்றி. 2024 நவம்பர் 1 முதல் கற்கை அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களில், பட்டமல்லாத கல்லூரிப் படிப்பு முடித்தவருக்கு அந்த வேலை அனுமதி குறிப்பிட்ட துறைகளுக்கே கிடைக்கும். இளமாணி, முதுமாணி, கலாநிதி முடித்தவர்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. கட்டணம் குறைவு என்று பட்டப்படிப்பிலிருந்து கல்லூரி டிப்ளோமாவுக்கு இறங்குபவர், இரண்டாண்டு கழித்து வேலை அனுமதி கேட்கும்போதுதான் இழந்ததை உணர்கிறார்.

மூன்றாம் படி: சரியான ஆளிடம், எழுத்தில் கேளுங்கள்

முதலில் கேட்க வேண்டியது பிள்ளை இப்போது படிக்கும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம். அங்கே விசா ஆலோசகர்கள் இலவசமாகப் பதில் சொல்வார்கள். "நான் மாறப் போகிறேன் என்று தெரிந்தால் அவர்களே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்" என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கேள்வி கேட்டதற்காக யாருடைய விசாவும் போவதில்லை. கேட்காமல் வகுப்புக்குப் போகாமல் விட்டால் போகும்.

மின்னஞ்சலில் தன் பெயர், மாணவர் இலக்கம், இப்போதைய பாடநெறி, மாற விரும்பும் பாடநெறி, விசா முடியும் திகதி ஆகியவற்றை எழுதிவிட்டு நான்கே கேள்விகள் கேட்கட்டும். இந்த மாற்றத்துக்குப் புதிய விசா வேண்டுமா? வேண்டுமானால் உள்ளிருந்து விண்ணப்பிக்கலாமா, ஊருக்குப் போக வேண்டுமா? எந்தத் திகதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்? கட்டிய கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அல்லது மாற்றப்படும்? பதில் எழுத்தில் வரும்வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

முகவர்களைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாணவரைச் சேர்த்துக்கொடுப்பதற்கு நிறுவனம் முகவருக்குத் தரகு கொடுக்கிறது. உங்கள் பிள்ளை இரண்டாம் முறை சேர்ந்தால் இரண்டாம் தரகும் கிடைக்கக்கூடும். அவுஸ்திரேலியாவில் குடிவரவு ஆலோசனை சொல்லப் பதிவுபெற்ற குடிவரவு முகவருக்கும் சட்டத்தரணிக்குமே உரிமை உண்டு. கல்வி முகவருக்கு அந்த உரிமை இல்லை. பிரித்தானியாவிலும் கனடாவிலும் இதே போன்ற பதிவு முறை இருக்கிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அரச பட்டியலில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நான்காம் படி: ஊரிலிருந்து மீண்டும் விண்ணப்பிப்பதானால் பணத்தை முன்கூட்டியே வங்கியில் வையுங்கள்

பிரித்தானிய விசாவுக்குத் திரும்பி வந்து விண்ணப்பிக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பிரித்தானியாவில் 12 மாதங்களுக்கு மேல் முறைப்படி இருந்தவர் அங்கிருந்தே விண்ணப்பித்தால் வாழ்க்கைச் செலவுப் பணம் காட்டத் தேவையில்லை. அதே ஆள் மட்டக்களப்புக்கு வந்து விண்ணப்பித்தால் முழுவதும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் உள்ள தொகை, லண்டனில் மாதத்துக்கு 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். ஒன்பது மாதங்கள் வரை கணக்கிடுவார்கள். வெளியே படிப்பவருக்கு அது 10,539 பவுண், லண்டனில் 13,761 பவுண். இதோடு முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாமல் இருக்கும் பகுதியையும் சேருங்கள். மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண் வேறு.

அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட, ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நம் ஊரில் நடப்பது இதுதான்: நகையை அடகு வைத்து, மாமாவிடம் கைமாற்று வாங்கி, கணக்கை நிரப்புகிறோம். இருபதாம் நாள் வீட்டில் ஒரு மரணமோ மருத்துவச் செலவோ வருகிறது. கொஞ்சம் எடுத்துவிட்டுப் பிறகு போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். திரும்பப் போட்ட நாளிலிருந்து 28 நாட்களும் முதலிலிருந்து தொடங்குகின்றன. பவுணின் மாற்று விகிதம் ஏறினாலும் தொகை குறைந்ததாகிவிடும், ஆகவே தேவையான தொகைக்கு மேல் கொஞ்சம் கூட்டியே போடுங்கள். பெற்றோரின் கணக்கைக் காட்டலாம். அதற்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். தமிழில் இருக்கும் சான்றிதழைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து வையுங்கள்.

கைரேகை பதியவும், காசநோய்ப் பரிசோதனை தேவைப்பட்டால் அதற்கும் கொழும்புக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நேரம் ஒதுக்குவது தனித்தனியாக. அவற்றை அடுத்தடுத்த நாட்களில் வைத்துக்கொண்டால் இரவு பஸ்ஸில் ஒரே முறை போய்வந்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு முடிவு வழக்கமாக மூன்று வாரங்களில் வரும். புதிய பாடநெறி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மூன்று வாரம், அதற்கு முன் கொழும்புப் பயணம், அதற்கு முன் 28 நாள். சுவர்க் கலண்டரில் வட்டமிட்டுப் பார்த்தால், தாமதங்களுக்கும் இடம் விட்டு இரண்டரை மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது தெரியும்.

ஐந்தாம் படி: ஏன் மாறுகிறேன் என்பதை உண்மையாக எழுதுங்கள்

புதிய விசா வேண்டியிருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். அவுஸ்திரேலியாவில் 2024 மார்ச் 23 முதல் "உண்மையான மாணவர்" என்ற தேவைப்பாட்டின் கீழ், விண்ணப்பப் படிவத்திலேயே ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். 150 சொல் மிகக் குறைவு. இணையத்தில் கிடைக்கும் அலங்கார வசனங்களுக்கு அங்கே இடமில்லை.

பிள்ளையின் சொந்தக் கதையை எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக ஒருவர் உயர்தரத்தில் வணிகம் படித்து, அங்கே தகவல் தொழில்நுட்பம் தொடங்கி, நிரலாக்கத்தில் இரண்டு பாடங்கள் சித்தியடையாமல், கணக்கியலுக்குத் திரும்ப விரும்புகிறார் என்று வையுங்கள். சித்தியடையாததை மறைக்க வேண்டாம், பெறுபேற்றுத் தாளில் அது இருக்கிறது. எதில் திணறினார், யாரிடம் உதவி கேட்டார், உயர்தரப் பெறுபேறு எதைக் காட்டுகிறது, ஊருக்கு வந்தால் அந்தப் பட்டத்தால் என்ன வேலை, புதிய பாடநெறியில் எந்தெந்தப் பாட அலகுகள் அதற்கு உதவும் என்று திகதிகளோடு எழுதினால் வாசிக்கும் அதிகாரிக்கு ஒரு மனிதர் தெரிவார். கட்டணம் கட்ட முடியாததுதான் காரணம் என்றால், அதை எழுதும் முன் பல்கலைக்கழகத்திடம் தவணைமுறையும் உதவித்தொகையும் கேட்டுப் பாருங்கள். பல மாற்றங்கள் அந்த ஒரு கேள்வியோடு தேவையில்லாமல் போயிருக்கின்றன.

ஆறாம் படி: மறு தோணியில் கால் ஊன்றிய பின் இந்தத் தோணியை விடுங்கள்

வாவியில் தோணி மாறத் தெரிந்த ஊர் நம்முடையது. விசாவிலும் வரிசை அதுதான். முதலில் புதிய இடத்தின் நிபந்தனையற்ற ஏற்பு. அடுத்து பல்கலைக்கழக ஆலோசகரின் எழுத்துப் பதில். தேவையானால் விடுவிப்பு. பிறகு புதிய சிஏஎஸ் அல்லது சிஓஇ. விசா வேண்டுமானால் விசா. இவை கைக்கு வந்த பிறகே பழைய பாடநெறியிலிருந்து விலகும் படிவத்தில் கையெழுத்து. வெளியே வந்து விண்ணப்பிக்க வேண்டியவர் எந்த நாளில் விலகுவது, எந்த நாளில் புறப்படுவது என்பதைப் பழைய பல்கலைக்கழகத்தின் ஆலோசகரோடு பேசித் தீர்மானிக்கட்டும்.

அந்த நாள்வரை வகுப்புக்குப் போக வேண்டும், ஒப்படைகளைக் கொடுக்க வேண்டும். மனம் வெறுத்துப்போன பாடத்தில் இன்னும் ஆறு வாரம் உட்காருவது கடினம் என்று எனக்குத் தெரியும். ஊரில் இருந்துகொண்டு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த ஆறு வாரமும் தினமும் பேசுவது. திட்டிப் பேசினால் பிள்ளை அடுத்த முறை சொல்லாமலே முடிவெடுக்கும்.

ஏழாம் படி: கடிதம் ஏற்கனவே வந்துவிட்டால்

ரத்து ஆலோசனை அறிவித்தல் என்பது ரத்து ஆகாது. பதில் சொல்ல ஒரு வாய்ப்பு அது. எத்தனை நாட்களுக்குள் என்று கடிதத்தில் இருக்கும். முதலில் அந்தத் திகதியைக் குறியுங்கள். அன்றே பதிவுபெற்ற ஆலோசகரைத் தேடுங்கள். அவுஸ்திரேலியாவில் ரத்தே ஆனாலும், 2024 ஒக்டோபரில் தொடங்கிய நிருவாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போக வழி இருக்கலாம், அதற்கும் கண்டிப்பான காலக்கெடு உண்டு. சில வகை ரத்துகளோடு மூன்றாண்டுத் தடையும் சேர்ந்து வரும். தடை இல்லாவிட்டாலும், பின்னர் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "உங்கள் விசா எப்போதாவது ரத்தானதா?" என்ற கேள்விக்கு உண்மையையே எழுத வேண்டும். மறைத்தால் அது தனிக் குற்றமாகிவிடும். கடிதத்தைப் பார்த்துப் பயந்து முகவரி மாறிப் போய்விடுவது எல்லாவற்றிலும் மோசமானது.

ஒழுங்காக மாறி முடித்தவர்களும் ஒரு கோப்பு வைத்திருங்கள். பழைய ஏற்புக் கடிதம், புதிய ஏற்புக் கடிதம், ஆலோசகரின் மின்னஞ்சல், விடுவிப்பு, கட்டணப் பற்றுச்சீட்டுகள், இரண்டு இடத்துப் பெறுபேறுகளும் வரவுப் பதிவுகளும். அடுத்த விசாவுக்கு, அது படிப்புக்குப் பின்னான வேலை விசாவாக இருந்தாலும், இவற்றைக் கேட்பார்கள். ஒரு பிரதி பிள்ளையிடம் இருக்கட்டும், இன்னொரு பிரதியை அச்செடுத்து ஊர் வீட்டு அலுமாரியில் வையுங்கள். அக்கா மகனுக்குப் பதில் எழுத உட்கார்ந்த இரவில், முகவர் அவனுக்கு அனுப்பிய செய்திகளைத் தேடினோம். அவை அவன் முந்திய மாதம் விற்றுவிட்ட கைபேசியில் இருந்தன.